போர்டின் கடைசி வரியைப் பிடித்து வையுங்கள்: கெர்னல் கேள்வி பதில்

சிறு கணினி போர்டுகளில் லினக்ஸ் கெர்னலோடு (வன்பொருளை நிர்வகிக்கும் லினக்ஸின் மையப்பகுதி) மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு. இந்த வாரம் சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஈசூன், பாலிடெக்னிக் மாணவர்: அக்கா, நானே கம்பைல் செய்த கெர்னலை ராஸ்பெர்ரி பை போர்டில் போட்டேன். வானவில் படம் வருகிறது, பிறகு திரை கறுப்பு. எங்கே தொடங்குவது?

திரையை விடுங்கள் தம்பி. வானவில் தெரிந்தால் ஃபர்ம்வேர் (கெர்னலை ஏற்றும் தொடக்க மென்பொருள்) ஓடிவிட்டது. கெர்னல் ஏறவில்லை, அல்லது ஏறியதும் விழுகிறது. கெர்னல் சொல்வதை உங்கள் கணினியில் படிக்க யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று வாங்குங்கள். ஜாலான் புசார் சிம் லிம் டவர் பக்கம் விசாரியுங்கள். 3.3 வோல்ட் வகைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 5 வோல்ட் சிக்னல் பின்னைக் கெடுத்துவிடும். போர்டில் கிரவுண்டு 6ஆம் பின், டிஎக்ஸ் (அனுப்பும் பின்) 8, ஆர்எக்ஸ் (பெறும் பின்) 10. கேபிளின் ஆர்எக்ஸ் போர்டின் டிஎக்ஸில் சேர வேண்டும். 5 வோல்ட் பவர் கம்பியைச் சொருகவே வேண்டாம். கான்ஃபிக் கோப்பில் யுஆர்ட்டை (சீரியல் போர்ட்டை) இயக்கி, கெர்னல் கமாண்ட் லைனில் உங்கள் போர்டுக்குரிய 'இயர்லிகான்' சேருங்கள். அது இல்லாவிட்டால், சீரியல் டிரைவர் எழுவதற்குள் கெர்னல் விழும்போது அது சொன்னதெல்லாம் மெமரியிலேயே புதைந்துவிடும்.

தெம்பனிஸ்: கெர்னல் பிழையில் சிக்கும்போது தரும் ஊப்ஸ் செய்தியில் ஃபங்ஷன் பெயரும் கூட்டல் குறியும் இரண்டு எண்களும் வருகின்றன. மூல நிரலில் எந்த வரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் எண், ஃபங்ஷன் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்பது. இரண்டாவது, ஃபங்ஷனின் முழு நீளம். டிபக் தகவலோடு கட்டிய விஎம்லினக்ஸ் கோப்பையும் (கம்பைல் செய்ததும் கிடைக்கும் முழு கெர்னல் கோப்பு) கெர்னல் மூலத்திலேயே இருக்கும் 'எஃப்ஆடர்2லைன்' ஸ்கிரிப்டையும் வைத்தால் வரி எண் வந்துவிடும். டிரைவரை மாட்யூலாக (தனியாக ஏற்றும் கெர்னல் துண்டாக) ஏற்றியிருந்தால் அந்த மாட்யூல் கோப்பைக் கொடுங்கள். ஆனால் அது அதே பில்டின் கோப்பாக இருக்க வேண்டும். முன்பு வேலை செய்த இடத்தில் நான் அவசரத்தில் மறுபடி கட்டி, பழைய விஎம்லினக்ஸை அழித்துவிட்டேன். இரண்டு நாள் சம்பந்தமே இல்லாத வரியை முறைத்துக்கொண்டிருந்தேன். போர்டில் ஏறும் ஒவ்வொரு பில்டுக்கும் அந்தக் கோப்பைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஜூரோங்: பிரின்ட்கே (கெர்னலில் செய்தி அச்சிடும் கட்டளை) போட்டால் பிழை மறைகிறது, எடுத்தால் திரும்புகிறது!

நேரம் சார்ந்த பிழை. சீரியல் கேபிளில் 115200 பிட் வேகத்தில் நொடிக்கு 11,520 எழுத்துகள்தான் போகும்; 80 எழுத்து வரிக்கு ஏறக்குறைய 7 மில்லிநொடி. இன்டரப்டுக்கு (வன்பொருளின் அவசர அழைப்புக்கு) அது ஒரு யுகம். அந்தத் தாமதமே இரண்டு திரெட்களின் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின்) மோதலை விலக்கிவிடுகிறது. பிரின்ட்கேவுக்குப் பதில் 'டிரேஸ்_பிரின்ட்கே' போடுங்கள். மெமரி பஃபரில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும், பிறகு நிதானமாகப் படிக்கலாம். லாக்டெப்பையும் (பூட்டுகளைக் கண்காணிக்கும் கெர்னல் வசதி) இயக்கிப் பாருங்கள், லாக் (பூட்டு) போடும் வரிசை தவறியிருந்தால் அதுவே சொல்லும்.

பொங்கோல், ஓய்வுபெற்ற டெக்னீஷியன்: காரிடார் செடிகளுக்குத் தண்ணீர் விடும் போர்டு இரவில் தானாக ரீபூட் ஆகிறதம்மா. பதிவுக் கோப்பில் எதுவும் இல்லை.

ஐயா, முதலில் பவர் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பம்ப் ஓடும்போது வோல்டேஜ் சரிந்தாலும் இப்படித்தான் ஆகும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் 'ராம்ஊப்ஸ்' போடுங்கள். ரேமில் ஒரு பகுதியை ஒதுக்கி, பேனிக் செய்தியை (கெர்னல் விழும்போது சொல்லும் கடைசிச் செய்தியை) அங்கே எழுதிவிடும். அடுத்த பூட்டில் பிஸ்டோர் அடைவில் (ஃபோல்டரில்) கிடைக்கும். மின்சாரமே போய்விட்டால் ரேமோடு அதுவும் போகும், ஆகவே அடாப்டர்தான் முதலில்.

செங்காங்: ஜேடேக் கருவி (சிப்பை நேரடியாக ஆராயும் பிழைதிருத்தக் கருவி) வாங்கலாமா அக்கா?

இப்போது வேண்டாம். சீரியல் கேபிளிலேயே கேஜிடிபி (கெர்னலுக்குள் இருக்கும் பிழைதிருத்தி) ஓடும். கெர்னல் ஒரு எழுத்துகூடப் பேசாமல் நிற்கும் நிலை வந்தால் எழுதுங்கள், அப்போது பார்க்கலாம்.