கொண்டல் எங்கே போயிற்று?

கடிதம்:

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தொண்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. கடல் தொழில் செய்த என் தந்தை எழுதிவைத்த மூன்று நோட்டுப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தாங்கள் நானோ என்னும் எளிய உரைத்தொகுப்பியில் எழுதுவதாக ஒருமுறை குறிப்பிட்டிருந்தீர்கள். என் தம்பி மகனிடம் சொல்லி அதையே என் பழைய மடிக்கணினியில் போட்டுக்கொண்டேன். அதன் விசைக் கட்டளைகளை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா? சுவரில் ஒட்டிக்கொள்ள ஒரு பட்டியல் தர இயலுமா? சுட்டியைப் பயன்படுத்துவது தவறான பழக்கமா? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீழ்க்காற்றின் பெயரான "கொண்டல்" என்று தேடினால், முதல் பக்கத்திலேயே என் கண்ணுக்குத் தெரிகிற சொல்லை இல்லை என்கிறது. இந்தச் செயலிக்குத் தமிழ் தெரியாது போலும். வேறொன்றுக்கு மாறிவிடலாமா?

தங்கள் வாசகி,
தொண்டி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நம் கரையின் காற்றுப் பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கும் என் கோப்பை ஒரு வாரமாகத் திருத்திக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன்.

நீங்கள் கேட்ட பட்டியல் உங்கள் திரையின் காலடியில் இரண்டு வரிகளாக எந்நேரமும் நின்றுகொண்டிருக்கிறது. அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் கூரை போல் இருக்கும் குறிக்குக் கன்ட்ரோல் விசை என்று பொருள். அந்த விசையுடன் ஜி-யை அழுத்தினால் மீதமுள்ள கட்டளைகளும் விளக்கத்தோடு வரும். காலடியில் கிடப்பதைப் பார்க்காமல் சுவரில் ஒட்டுவதற்கு ஒன்றைக் கேட்கிறீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை நான் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடமும் வேண்டாம். தட்டச்சுப் பயிலகத்தில் படித்த காலத்தில் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று எங்களில் எவரும் வாயால் ஒப்பித்ததில்லை. மூன்று மாதத்தில் விரல் அறிந்துகொண்டது, அறிந்துகொண்ட பிறகு எங்களாலேயே வாயால் சொல்ல முடியவில்லை. இப்போதைக்கு நான்கு போதும். கன்ட்ரோலுடன் ஓ எழுதிவைக்கும், எக்ஸ் வெளியேற்றும், கே ஒரு வரியை வெட்டும், யூ அதை ஒட்டும். கே-யை அடுத்தடுத்து நான்கு முறை அழுத்தி நான்கு வரிகளை வெட்டினால், யூ-வை ஒரே ஒரு முறை அழுத்தியதும் நான்கும் சேர்ந்து வந்து இறங்கும் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தில் முன்பின்னாக இருக்கும் பத்திகளை வரிசைப்படுத்த அது உதவும்.

சுட்டி தவறு என்று நான் எங்கும் எழுதியதில்லை. என் சுட்டியைப் பாம்பனின் உப்புக்காற்று அரித்துவிட்டது, புதிதொன்று வாங்க இராமநாதபுரம் வரை போகச் சோம்பல்பட்டேன். இந்த விஷயத்தில் என் கொள்கை அவ்வளவுதான். வேறு செயலிக்கு மாறலாமா என்பதற்கும் நீண்ட பதில் இல்லை. 1999இல் பைக்கோ என்ற சிறிய தொகுப்பியைப் பார்த்து எழுதப்பட்டு, அளவைகளில் பைக்கோவை விட ஆயிரம் மடங்கு பெரியது நானோ என்பதால் அந்தப் பெயரை வேடிக்கையாகச் சூட்டிக்கொண்ட எளிய கருவி இது. விஐ என்ற பழைய தொகுப்பியை உங்கள் தம்பி மகன் பரிந்துரைத்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அதில் வெறும் எழுத்துகளே கட்டளைகள். எச், ஜே, கே, எல் ஆகிய நான்கும் நான்கு திசைகளில் நகர்த்தும். நம்முடைய தமிழ்99 விசைப்பலகையில் அந்த நான்கு இடங்களிலும் க, ப, ம, த உட்கார்ந்திருக்கின்றன. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற மறந்துவிட்டால், எத்தனை முறை அழுத்தினாலும் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள்.

இவற்றையெல்லாம் கடந்துவிடலாம். செயலிக்குத் தமிழ் தெரியாது என்று எழுதினீர்களே, அதை மட்டும் என்னால் கடக்க முடியவில்லை. அதற்குத் தமிழ் தெரியாது என்பது உண்மை, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. நீங்கள் கேட்ட எண்வரிசை கோப்பில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, இருந்தால் காட்டும், இல்லாவிட்டால் இல்லை என்று உண்மையைச் சொல்லும். தமிழ் தெரிந்தவர் நீங்கள். ஆகவே தமிழ் எழுத்து உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்து கேட்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையது.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒருங்குறி முறையில் "கொண்டல்" என்ற சொல்லின் இறுதியில் இருக்கும் ல் என்பது ஒன்றல்ல, இரண்டு: முதலில் ல, அதன்மேல் தனியாக ஒரு புள்ளி. உங்கள் தந்தை "கொண்டலில் வலை விடலாகாது" என்று எழுதியிருந்தால், அங்கே ல-வுக்குப் பின் வருவது புள்ளி அல்ல, இகரத்தின் குறி. நீங்கள் புள்ளியோடு தேடியதால், வேற்றுமை உருபு ஏறிய கொண்டலில், கொண்டலுக்கு, கொண்டலோடு ஆகிய எல்லாவற்றையும் செயலி விட்டுவிட்டது. வேற்றுமை உருபை நீங்கள் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பீர்கள்! அந்தப் பாடத்தைக் கணினிக்கு முன்னால் அமர்ந்ததும் ஏன் மறந்தீர்கள்?

இன்னொரு காரணமும் இருக்கலாம், அது கண்ணுக்கே தெரியாதது. கொ என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒகரக் குறி என்று ஒரே குறியாகவும் சேமிக்க முடியும். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்க முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் நானோவின் ஒப்பீட்டில் இரண்டும் வேறு வேறு. நோட்டின் சில பக்கங்களை நீங்கள் தட்டச்சு செய்து, சிலவற்றை வேறொருவர் வேறு கருவியில் அடித்துக் கொடுத்திருந்தால், ஒரே கோப்பில் இரண்டு வகைக் கொண்டலும் கலந்து கிடக்கும். தென்காற்றான சோளகத்தின் சோ-வுக்கும் இதே சிக்கல் உண்டு. ஔகாரக் குறி இட வேண்டிய இடத்தில் கொம்பிட்டு ளகரத்தைப் பக்கத்தில் வைத்து "கெளரவம்" என்று எழுதுகிறவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் என் இரத்த அழுத்தம் ஏறும். அது குறியீட்டுச் சிக்கலே அல்ல, வெறும் எழுத்துப்பிழை.

என் தந்தை வடகடல் கரையில், படகின் நிழலில் அமர்ந்து வலையின் கிழிசலை அடைப்பார். சிறுவனாக இருந்தபோது ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் நானே அடைக்கிறேன் என்று ஊசியை வாங்கி, ஓட்டையின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்த அறுந்த நுனியைப் பிடித்து முடிச்சுப் போட ஆரம்பித்தேன். என் கையில் ஓர் அடி விழுந்தது. பிய்ந்த நுனிகளை முதலில் வெட்டிக் களைந்துவிட்டு, முடிச்சு கெடாமல் நிற்கும் கண்ணியைக் கண்டுபிடித்து அங்கிருந்து பின்னிக்கொண்டு வர வேண்டும் என்பதைச் சொல்லாமல் செய்து காட்டினார். நான் கிழிசலைத் தேடினேன், அவர் கிழியாத இடத்தைத் தேடினார். அவர் கணினியைத் தொட்டதில்லை. ஆயினும் தேடல் கட்டளையை அழுத்தும்போதெல்லாம் அந்த அடி எனக்கு நினைவுக்கு வருகிறது.

தமிழ்ச் சொல்லில் கிழிவது தலையும் வாலும்தான். தலையில் கொம்பும் காலும் ஏமாற்றும், வாலில் புள்ளி போய் உருபு ஏறும். ஆகவே இரண்டையும் வெட்டிவிட்டு நடுவில் கெடாமல் நிற்பதைக் கொடுங்கள். கன்ட்ரோலுடன் டபிள்யூ அழுத்தி, "ண்டல" என்று மட்டும் தட்டி, என்டர் விசையை அழுத்துங்கள்; எந்த வகையில் சேமிக்கப்பட்டிருந்தாலும் எந்த உருபு ஏறியிருந்தாலும் கொண்டல் வந்து நிற்கும். அடுத்ததைக் காண மீண்டும் டபிள்யூவும் என்டரும் போதும், சொல்லைத் திரும்பத் தட்ட வேண்டியதில்லை. மண்டலமும் இடையில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சோளகத்துக்கு "ளக" என்று கொடுங்கள். உங்கள் தந்தை குழம்பைப் பற்றி எழுதியிருந்தால் மிளகாயும் சேர்ந்து வரும். வேண்டாதது நான்கு வந்தாலும் வேண்டியது ஒன்றும் தப்பாது. ஒரே ஓர் எச்சரிக்கை: இந்தப் பழக்கம் விரலில் ஏறிய பிறகு இணைய உலாவியில் கன்ட்ரோலுடன் டபிள்யூ அழுத்திவிடாதீர்கள், அங்கே அது படித்துக்கொண்டிருக்கும் தாவலை மூடிவிடும்.

தேடுவதைக் கற்றவுடன் மாற்றுவதற்குக் கை துடிக்கும் என்பதால் என் அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கோப்பில் பேச்சு வழக்கில் "காத்து" என்று குறித்திருந்த இடங்களை எல்லாம் ஒரு தடவை "காற்று" என்று ஆக்க நினைத்தேன். தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் நானோ ஒவ்வோர் இடத்திலும் நின்று இதை மாற்றவா என்று கேட்கும்; ஒய் என்றால் ஆம், என் என்றால் வேண்டாம், ஏ என்றால் எல்லாவற்றையும். (அந்த இடத்தில் தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் ஒய்க்குப் பதிலாக ள போய்ச் சேரும், செயலி அசையாது, ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.) ஐந்தாறு முறை ஆம் சொல்லி அலுத்துப்போய் ஏ-யை அழுத்தினேன், எழுதி வைத்தேன், வெளியேறினேன். கரையில் படகுகளுக்காகக் காத்துக்கொண்டிருந்த பெண்கள் அனைவரும் அன்று "காற்றுக்கொண்டிருந்த பெண்கள்" ஆனார்கள். பாதுகாத்து வைத்த வலைகள் "பாதுகாற்று" வைக்கப்பட்டன. ஆல்ட்டுடன் யூ அழுத்தினால் செய்ததைத் திரும்பப் பெறலாம், ஆனால் செயலியை மூடிவிட்டால் அந்த நினைவு போய்விடும். நண்பர் ஒருவர் படித்துவிட்டு, புதுக்கவிதை நன்றாக இருக்கிறது என்றார். கோப்பின் பழைய நகல் என்னிடம் இல்லை. ஒவ்வொன்றாகக் கையால் திருத்த எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

உங்கள் கையில் இருப்பவை தந்தையின் சொற்கள். அவற்றில் "காத்து" என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும். கோப்புக்கு வேறொரு பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, இன்றைக்குத் தேடல் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். கொண்டல் எந்த மாதத்தில் தொடங்கும், எத்தனை நாள் நிற்கும் என்று அவர் எங்கேனும் குறித்திருக்கிறாரா என்று "ண்டல" போட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள். என் கோப்பில் தொண்டிக் கரைக்கு அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது.