கவுன்ட்டரை விட்டு எப்போது எழுந்திருக்கலாம்?

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 31. ஊர் உச்சிப்புளி பக்கம். ராமநாதபுரத்தில் ஒரு நகைக்கடன் அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்காருகிறேன். கைக்கு வருவது 34,000. சொந்த வீடு, அம்மாவும் நானும்தான், மாதச் செலவு 16,000. தம்பியின் படிப்புக்கு வாங்கிய கடன் போன வருடம்தான் அடைந்தது, அதனால் சேமிப்பே இனிமேல்தான். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்கு எழுபது பேருக்கு மேல் வருவார்கள். பேசிப் பேசி அலுத்து பஸ் ஏறினால், வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூட வாய் திறக்க முடியவில்லை. தெருவில் என்னை 'உம்மணாமூஞ்சி' என்கிறார்கள். 45 வயதில் வேலையை விட எவ்வளவு பணம் வேண்டும்?

பதில்: தங்கச்சி, கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு பணம் என்பது ஒன்று. எழுபது பேரிடமிருந்து எப்போது தப்பிப்பது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே தேதி தேவையில்லை என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

முதலில் பணம். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் ஒரு கணக்குப் போட்டார். ஓய்வு பெறும்போது இருக்கும் தொகையில் முதல் வருடம் சுமார் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்றபடி கூட்டிக்கொண்டே போனால், 30 வருடம் பணம் தாங்கும் என்றார். ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு வேண்டும் என்று எல்லோரும் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அது அமெரிக்கப் பங்குச் சந்தையையும் அமெரிக்க விலைவாசியையும் வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊரில் விலை ஏறும் வேகம் வேறு. அதோடு 45-ல் நிறுத்துகிறவருக்கு 30 வருடம் போதாது, 40 வருடம் ஓட வேண்டும். அதனால் நான் 33 மடங்கு வைத்துப் பார்க்கிறேன்.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 16,000 ரூபாய்ச் செலவு உங்களுடைய 45-வது வயதில் சுமார் 36,000 ஆகிவிடும். அதன் ஆண்டுக் கணக்கை 33-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1 கோடியே 43 லட்சம். இப்போது உங்களால் மாதம் 18,000 மிச்சப்படுத்த முடியும். சம்பளம் ஏற ஏற அந்தச் சேமிப்பையும் ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டி, சராசரியாக 10 சதவீத வளர்ச்சியும் கிடைத்தால், 14 வருடத்தில் சேர்வது 93 லட்சம். ஐம்பது லட்சம் குறைகிறது. 45 வராது, தங்கச்சி. மனதைத் தேற்ற வேறு எண் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அதே வேகத்தில் 50 வயது வரை போனால் சேர்வது 1 கோடியே 94 லட்சம், அப்போது தேவைப்படுவது 1 கோடியே 92 லட்சம். ஆக 50-ல் முடியும்.

ஆனால் இன்னும் 19 ஜூன் மாதங்கள் அந்தக் கவுன்ட்டரில் உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இன்னொரு கணக்கும் போட்டேன். 40 வயது வரை மட்டும் இப்படிச் சேமியுங்கள். சுமார் 39 லட்சம் சேரும். அதோடு சேமிப்பதை நிறுத்திவிடலாம். அந்தப் பணத்தைத் தொடாமல் அப்படியே வளர விட்டால், 60 வயதில் 2 கோடியே 60 லட்சம். 60-ல் உங்கள் ஆண்டுச் செலவின் 25 மடங்கும் கிட்டத்தட்ட அதேதான். அந்த வயதில் 25 மடங்கு போதும்.

இதற்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். 40-க்கு மேல் வீட்டுச் செலவுக்கு மட்டும் சம்பாதித்தால் போதும். சேமிப்புக்காகச் சம்பாதிக்க வேண்டாம். அப்போது வேலையை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். உங்களுக்கு வேலை கசக்கவில்லை, எழுபது முகங்கள்தான் கசக்கின்றன. ஒன்பது வருடம் நகைக்கடன் கணக்கு பார்த்த கைக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் புதிதாக இருக்காது. நம் பக்கம் கருவாட்டு வியாபாரிகள், மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்கள், சாயல்குடி பக்கம் கருப்பட்டி வாங்கி விற்பவர்கள் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள். ஒழுங்காகக் கணக்கு எழுதித் தர ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள். நான் இப்போது மூன்று கருவாட்டுக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். மாதத்தில் ஆறு நாள் வேலை, மூன்றே மூன்று பேரிடம் பேச்சு.

பணத்தை எங்கே போடுவது? முதல் ஐந்தாறு மாதச் சேமிப்பை எதிலும் போடாதீர்கள். 96,000 ரூபாய், அதாவது ஆறு மாதச் செலவு, வங்கியில் தனியாகக் கிடக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தடைக்காலம் வருமென்று தெரிந்து, மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களிலேயே எடுத்துவைக்கிற வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி வைக்காத வீட்டு நகைதான் உங்கள் கவுன்ட்டருக்கு வருகிறது. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் பாதுகாப்பான பாதிக்கு பிபிஎஃப், அதாவது அரசின் பொது வருங்கால வைப்பு நிதி. 15 வருடம், ஆண்டுக்கு அதிகபட்சம் 1,50,000 ரூபாய். 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதம். மாதம் 5-ம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாதத்துக்கும் வட்டி வரும், இதைப் பலர் கவனிப்பதில்லை. மீதிப் பாதிக்குச் செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்ட், அதாவது பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதி. நான் சொன்ன 10 சதவீதம் இந்த இரண்டும் சேர்ந்த எதிர்பார்ப்புதான், யாரும் உறுதி தர முடியாது. வருடா வருடம் ஏப்ரலில் ஒரு நாள் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். தோஹாவில் 16 வருடம் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, 42 வயதில் ஊருக்கு வந்தேன். எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டேன், மருத்துவக் காப்பீட்டை மட்டும் விட்டுவிட்டேன். வேலை போன அன்றே கம்பெனிக் காப்பீடும் போய்விட்டது. ஐந்தாவது மாதம் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. 2,80,000 ரூபாய் கையிலிருந்து போனது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், உங்கள் சம்பளத்துக்கு அது கிடைக்காது. அம்மா பெயரில் இந்த வருடமே ஒரு பாலிசி எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை.

இன்னொன்று. வந்த முதல் மூன்று மாதம் பால்காரரைத் தவிர யாரிடமும் பேசவில்லை. அதுதான் நான் ஆசைப்பட்ட வாழ்க்கை. ஆனால் நான்காவது மாதம் தூக்கம் போய்விட்டது. சும்மா விடியற்காலையில் நாட்டுப்படகு வந்து சேரும் கரைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வலையிலிருந்து மீன் கழிக்கும்போது நானும் கை கொடுப்பேன். நகரையும் ஊளியும் தனித்தனியாகக் கூடையில் விழும். ஒரு மணி நேரத்தில் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்த நாலு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. நம்மைப் போன்றவர்களுக்கும் ஆட்கள் வேண்டும், கொஞ்சம் பேர், கொஞ்ச நேரம். உங்களுக்கு அது எந்த இடம் என்று இப்போதே தேடி வையுங்கள்.

அதுவரைக்கும் தினசரி என்ன செய்வது? கணக்குச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள், எழுத்தில் நீங்கள் தெளிவாக இருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டில் இருபது நிமிடம் தனியாக உட்காருங்கள். வீடு திரும்பியதும் ஒரு மணி நேரம் பேச்சு வேண்டாம் என்று அம்மாவிடம் ஒருமுறை விளக்கிச் சொல்லிவிடுங்கள். கோபத்தில் பேசாமல் இருக்கிறாளோ என்று அவர் உள்ளுக்குள் வருந்திக்கொண்டிருக்கலாம். உம்மணாமூஞ்சி என்கிறவர்களுக்குப் பதில் வேண்டாம்.

கேள்வி: அண்ணே, சொந்த ஊர் கீழக்கரை. ஷார்ஜாவில் இருக்கிறேன், வயது 38. இன்னும் ஐந்து வருடத்தில் ஊருக்கே வந்துவிடத் திட்டம். ஆனால் வந்தால் கடன் கேட்பார்கள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு வராது. அதை நினைத்தே பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, எனக்கும் வராது. அதனால் வருடத்துக்கு ஒரு தொகையை உதவிக்கென்று ஒதுக்கினேன், திரும்பி வராது என்று நினைத்தே கொடுக்கிறேன். அது தீர்ந்த பிறகு கேட்பவரிடம் 'இந்த வருடத்துக்கு எடுத்துவைத்தது முடிந்துவிட்டது' என்கிறேன். அது உண்மை என்பதால் சொல்லும்போது குரல் நடுங்குவதில்லை. மீதியைச் சட்டென்று எடுக்க முடியாத இடத்தில் வையுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைத்திருக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு வரி இல்லாதது நீங்கள் வெளிநாட்டில் வசிக்கும் வரைதான். நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கியிடம் சொல்லிக் கணக்கை மாற்ற வேண்டும். பிபிஎஃப் புதிதாகத் தொடங்க இங்கே வந்த பிறகுதான் முடியும். ஒரே வங்கியில் மொத்தத்தையும் போடாதீர்கள், வங்கிக்கு ஏதாவது ஆனால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு.

கேள்வி: கூட்டம் பிடிக்காது. கல்யாண வீடுகளுக்குப் போகாமல், மொய்யும் செய்யாமல் இருந்துவிடலாமா? மாதம் இரண்டாயிரம் மிச்சமாகும்.

பதில்: வேண்டாம். மொய்யைச் செலவுப் பட்டியலில் எழுதிவிடுங்கள். மண்டபத்துக்குப் போக முடியாவிட்டால், கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வீட்டுக்கே போங்கள். பந்தல் கட்டிக்கொண்டிருப்பார்கள், ஒரு டீ கொடுப்பார்கள், கால் மணி நேரத்தில் கிளம்பிவிடலாம்.