ஆடை களைந்து ஆடும் ஸ்ட்ரிப் கிளப் என்றால் லாஸ் வேகஸ்தானா? மற்ற அமெரிக்க ஊர்கள் எப்படி?

பேர் என்னவோ வேகஸுக்குத்தான். ஆனால் ஊருக்கு ஊர் சட்டம் வேறு, அதனால் ஆட்டமும் வேறு. வேகஸில் முழு நிர்வாணம் என்றால் பொதுவாக மது கிடையாது. வடக்கு லாஸ் வேகஸின் பழைய பாலொமினோ கிளப் மட்டும் விதிவிலக்கு. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் இரண்டுமே உண்டு. அந்த மாநில அரசியல் சட்டம் கருத்துச் சுதந்திரத்தில் அவ்வளவு தாராளம். சியாட்டிலில் 2024இல் சட்டம் மாறும்வரை இந்த கிளப்களில் மதுவே இல்லை.

என்னைக் கேட்டால் சுவாரஸ்யம் அட்லாண்டாதான். 1985இல் தொடங்கிய மேஜிக் சிட்டி கிளப்பில் புது ஹிப்-ஹாப் பாட்டை டிஜே போட்டுப் பார்ப்பார். ஆடுபவர்களுக்குப் பிடித்தால் பாட்டு தேறிவிடும். கோழி விங்ஸும் அங்கே பிரசித்தம். 2020இல், என்பிஏ கூடைப்பந்துப் போட்டிகளுக்காக வீரர்களைத் தனியாக வைத்திருந்த கொரோனா கட்டுப்பாட்டு வளையத்திலிருந்து அனுமதி பெற்று வெளியே வந்த வீரர் லூ வில்லியம்ஸ் அங்கே விங்ஸ் வாங்கப் போய், திரும்பியதும் 10 நாள் தனிமையில் உட்கார வேண்டியதாயிற்று!