பெரிய சிட்டிங்களுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு கிராமத்து கவுண்டியில வீடு வாங்கிக் குடியிருந்தா எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவங்க அமெரிக்காவுல, வட கரோலினாவுல, ராலே பக்கத்துல இருக்கற கேரியில அப்பார்ட்மெண்ட்ல இருக்காங்க, ரெண்டு பசங்க, அங்க வீட்டு விலை எட்டவே இல்ல, அதனால சாத்தம் கவுண்டி (கவுண்டினா நம்மூரு மாவட்டம் மாதிரி) பக்கம் ரெண்டு மூணு ஏக்கரோட ஒரு வீடு பாக்கலாமா, இல்ல காட்டுல மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுமானு கேட்டிருக்காங்க. நாங்களும் அதே கேரியிலேர்ந்து 2018 மார்ச்ல இங்க வந்தவங்கதான். பிட்ஸ்பரோவுக்கும் மாங்கியூருக்கும் நடுவுல மூணு ஏக்கர், வீட்டுக்கு வர்ற கடைசி கால் மைல் சரளைக்கல்லு ரோடு. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

இந்தப் பக்கம் தெரியாதவங்களுக்காக: வட கரோலினாவுல ராலே, டர்ஹம், சேப்பல் ஹில் மூணையும் சேத்து ட்ரையாங்கிள்னு சொல்லுவாங்க, நடுவுல ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க், இங்க இருக்கற நம்மாளுங்க முக்காவாசிப் பேருக்கு அது இல்ல அதச் சுத்தி இருக்கற கம்பெனிங்கதான் சோறு போடுது. அதுக்குத் தென்மேற்குல ஒட்டிக்கிட்டு இருக்கறதுதான் சாத்தம். சென்னை மாநகராட்சிய விட நாலு மடங்கு பரப்பளவு, ஆனா 2020 கணக்கெடுப்புல மொத்த ஜனத்தொகை 76,285. கவுண்டி தலைமை ஊரான பிட்ஸ்பரோவுலயே அப்ப நாலாயிரத்து ஐநூறு பேர்தான். மத்ததெல்லாம் பைன் காடு, வைக்கோல் நிலம், மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணை.

எல்லாரும் மொதல்ல கேக்கறது "எவ்ளோ தூரம்"னுதான். அறுபத்து நாலாம் நம்பர் ஹைவேல ஏறினா கேரிக்கு அரை மணி நேரம், ஆபீஸுக்கு நாப்பது நிமிஷம், கறிவேப்பிலை வாங்கற கடைக்கும் அதேதான், பெருமாள் கோயிலுக்கும் அதேதான் (2022ல 87 அடி ராஜகோபுரம் தெறந்தாங்களே, அந்தக் கோயில்). இது ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல, சென்னையில தாம்பரத்துலேர்ந்து அண்ணா நகர் போறவங்க இத விட அதிக நேரம் பஸ்ல நிக்கறாங்க. ஆனா நீங்க போறத மட்டும் கணக்கு போடாதீங்க. சிட்டி பக்கத்துல இருக்குனா சிட்டியும் உங்ககிட்ட வரும். அத நான் வாங்கறப்ப யோசிக்கவே இல்ல, அதுக்குப் பின்னாடி வர்றேன்.

மொதல்ல வீட்டுக்குள்ள நடக்கறது. கேரியில இருந்தவரைக்கும் தண்ணி எங்கேர்ந்து வருது, கழிவு எங்க போகுதுனு நான் ஒரு நாள் கூட நெனச்சதில்ல, மாசம் பில்லு வரும் கட்டிடுவோம் அவ்ளோதான். இங்க தண்ணி நம்ம போர்லேர்ந்து, கழிவு நம்ம செப்டிக் டேங்குக்கு, சமையல் கேஸ் வெளிய நிக்கற டேங்க்லேர்ந்து, குப்பைய நாமளே வண்டியில ஏத்திக்கிட்டு கவுண்டி குப்பை சென்டருக்கு கொண்டு போகணும், வண்டி கண்ணாடியில கவுண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும். செப்டிக் காரர் மொத தடவ வந்து மூடியத் தெறந்து பாத்துட்டு என்கிட்ட கேட்ட கேள்வி "எண்ணெய் நெறைய ஊத்துவீங்களா, சோறு மாவு எல்லாம் சிங்க்ல போகுதா"னு. போகுது. வாரத்துக்கு ரெண்டு தடவ மாவு அரைக்கற வீடு, கிரைண்டர் கழுவற தண்ணி எல்லாம் அதுலதான் போய்க்கிட்டிருந்துச்சு. இப்ப அந்தத் தண்ணி செடிக்கு, எண்ணெய் ஒரு பழைய டின்ல. இந்த ஊரு மண்ணு செவப்புக் களிமண்ணு, தண்ணி சீக்கிரம் உறிஞ்சாது, அதனாலதான் நிலம் மட்டும் வாங்கி வீடு கட்டறவங்கள பெர்க் டெஸ்ட் (மண்ணு தண்ணிய உறிஞ்சுதானு பாக்கறது) பண்ணுனு சொல்றாங்க, அது ஃபெயில் ஆனா சாதாரண செப்டிக்குக்கு அனுமதி கெடைக்கறது கஷ்டம். மலிவா அஞ்சு ஏக்கர் கெடைக்குதுனா இத மொதல்ல கேளுங்க.

கரண்ட் போனா தண்ணியும் போயிடும், போர் மோட்டார் கரண்ட்லதான ஓடுது. இத யாரும் எங்களுக்கு சொல்லல. வந்த மொத வருஷம், 2018 டிசம்பர்ல பெரிய பனி பெஞ்சுது, பைன் மரமெல்லாம் வெயிட் தாங்காம பட்டு பட்டுனு முறிஞ்சு விழற சத்தம் ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே இருந்துச்சு, காலைல பாத்தா கரண்ட் இல்ல, டாய்லெட்ல ஊத்தத் தண்ணி இல்ல, பொண்ணுக்கு அப்ப ரெண்டு வயசு. பத்து மணி இருக்கும், ரம்பம் ஓடற சத்தம் கேட்டுது. பக்கத்து வீட்டுப் பெரியவர், பக்கத்து வீடுனா கால் மைல் தள்ளி, அவரு டிராக்டர்ல வந்து எங்க வழியில கெடந்த மரத்த அறுத்துக்கிட்டு இருக்காரு, பின்னாடி ரெண்டு பெரிய பக்கெட்ல அவங்க வீட்டுக் குட்டைத் தண்ணி. "இது குடிக்கறதுக்கில்ல, டாய்லெட்டுக்கு"னு சொல்லிட்டு எறக்கி வெச்சாரு. அதுக்கு முன்னாடி நாங்க அவருகிட்ட நாலு தடவ கை ஆட்டியிருப்போம், அவ்ளோதான் பழக்கம். மூணு நாள் கழிச்சுத்தான் கரண்ட் வந்துச்சு, மூணு நாளும் காலைல வந்தாரு. கேரியில அஞ்சு வருஷம் இருந்தோம், எதுத்த வீட்டுக் கதவுல இருந்தவங்க பேரு எனக்குத் தெரியாது.

இதுதான் தனியா மாட்டிக்குவோமாங்கற கேள்விக்கு என்னோட பதில். ஆளுங்க கம்மி, அதனால இருக்கறவங்கள நீங்க தெரிஞ்சு வெச்சுக்கணும். இங்க தீயணைப்பு வண்டியில வர்றதுல நெறைய பேரு வாலண்டியருங்க, பகல்ல வேற வேலை பாக்கறவங்க. வருஷா வருஷம் அவங்க பார்பிக்யூ போட்டு காசு சேப்பாங்க, நாங்க கறி சாப்பிடறதில்ல, ஆனா டிக்கெட் வாங்கிடுவோம், போய் உக்காந்து ஸ்வீட் பொட்டேட்டோவும் கோல்ஸ்லாவும் சாப்பிட்டுட்டு பேசிட்டு வருவோம். ஆஸ்பத்திரி சைலர் சிட்டியில ஒண்ணு இருக்கு, 25 படுக்கைதான், பெரிய விஷயம்னா சேப்பல் ஹில்லுக்குத்தான் ஓடணும். பையனுக்கு ஒரு ராத்திரி மூச்சுத் திணறல் வந்தப்ப அந்த நாப்பது நிமிஷம் எவ்ளோ நீளம்னு எனக்குத் தெரிஞ்சுது. ஆஸ்துமா, இதய நோய் இருக்கற பெரியவங்க கூட இருக்காங்கனா இத ஒண்ணுக்கு ரெண்டு தடவ யோசிங்க.

2019ல அம்மா ஆறு மாசம் வந்து இருந்தாங்க. முசிறி பக்கத்து ஊரு, வாழ்க்கை பூரா வயக்காட்டுல இருந்தவங்க. கேரி அப்பார்ட்மெண்டுக்கு முன்னாடி ரெண்டு தடவ வந்திருக்காங்க, ரெண்டு தடவையும் மூணாவது வாரமே டிக்கெட்ட மாத்தச் சொல்லி அழுதாங்க. இங்க வந்த மறு நாள் காலைல செருப்பு இல்லாம எறங்கிப் போயி ஒரு பிடி மண்ண அள்ளி எச்சித் தண்ணி தொட்டு உருட்டிப் பாத்தாங்க. "செவப்பா இருக்குனு செம்மண்ணுனு நெனச்சுக்காதடி, பூரா களி, பானை செய்யலாம் போல. எருவும் தழையும் போட்டு ரெண்டு வருஷம் ஆத்தணும்"னாங்க. அதே மாதிரிதான் ஆச்சு, மூணாவது வருஷம்தான் கத்தரி ஒழுங்கா காச்சுது. முருங்கை தரையில வெச்சா குளிருக்கு செத்துப் போகுது, தொட்டியில வெச்சு நவம்பர்ல உள்ள தூக்கிடறேன். ஏப்ரல் பாதி வரைக்கும் உறைபனி வரலாம்ங்கறத மனசுல வெச்சு விதை போடுங்க. வெண்டை மட்டும் யாரும் பாத்துக்கவே வேணாம், ஜூலையில ஆள் உயரம்.

அம்மாவும் அந்தப் பெரியவரோட சம்சாரமும் பேசின பாஷை என்னனு எனக்கு இன்னிக்கும் புரியல. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. ஒரு நாள் அந்தம்மா பழுப்பு காகிதப் பையில ஏதோ கொண்டு வந்து குடுத்தாங்க, அம்மா பிரிச்சாங்க, ஒரு காய எடுத்து நகத்தால கீறினாங்க, "ஏய், தட்டப்பயறுடி!" பச்சக் காய், உள்ள கறுப்புக் கண்ணு வெச்ச பயறு. இங்க அத ஃபீல்டு பீஸ்னு சொல்றாங்க, வெண்டையும் அதுவும் ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமையா கொண்டு வரப்பட்டவங்களோட இந்த மண்ணுக்கு வந்த பயிரு, அந்தப் பெரியவர் குடும்பமும் அந்த வழியில வந்தவங்கதான், நாலு தலைமுறையா இதே கவுண்டி. அன்னிக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் போர்ச்சுல உக்காந்து பூரா பையையும் உரிச்சாங்க. அம்மா தமிழ்ல பேச, அந்தம்மா இங்கிலீஷ்ல பேச, விரல் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே வேகம். அப்புறம் ரோட்டோரத்துல வேகவெச்ச கடலை விக்கறத அம்மா பாத்துட்டாங்க, தோலோட உப்புப் போட்டு வேகவெச்சது. அன்னிலேர்ந்து பெட்ரோல் போடறப்பல்லாம் அங்க நிக்கணும். அந்த தடவ டிக்கெட்ட மாத்தச் சொல்லல.

சரி, இப்ப சிட்டி நம்மகிட்ட வர்ற கதை.

நீங்க கேரியில குடிக்கற தண்ணி ஜோர்டான் ஏரித் தண்ணி. அந்த ஏரி பெரும்பாலும் சாத்தம்லதான் இருக்கு, ஏறக்குறைய 14,000 ஏக்கர். 1945ல பெரிய வெள்ளம் வந்து கீழ ஃபயட்வில் பக்கம் ரொம்ப சேதம், அதுக்கப்புறம் வெள்ளத்தத் தடுக்கணும்னு திட்டம் போட்டு, அணை கட்டி, 80கள் ஆரம்பத்துல தண்ணி நிரப்பினாங்க. நாம சனிக்கெழம படகு விட்டு கழுகு பாக்கப் போற எடம் அது, மொட்டைக் கழுகு நெஜமாவே நெறைய இருக்கு, பசங்கள கூட்டிக்கிட்டு போங்க. ஆனா அடியில இருக்கறது ஆளுங்களோட வயலு. எங்க பெரியவரோட சித்தப்பா நிலமும் அதுல போச்சு. "அவருக்கு காசு குடுத்தாங்க, நிலம் குடுக்கல"னு ஒரு தடவ சொன்னாரு, அதுக்கு மேல பேசல.

இன்னொரு பக்கம் ஹா ஆறு. பிட்ஸ்பரோ ஊருக்குக் குடிதண்ணி அதுலேர்ந்துதான் எடுத்தாங்க. மேல பர்லிங்டன், கிரீன்ஸ்பரோ பக்கத்து ஃபேக்டரிங்கள்லேர்ந்து வந்த பிஃபாஸ்ங்கற லேசுல அழியாத ரசாயனம் அதுல கலந்திருக்கறது தெரிய வந்து, நம்ம கீழ் ஊரு அதுக்கு 2022ல கரி ஃபில்டர் போட்டு சுத்தம் பண்ண வேண்டியதாச்சு. பண்ணினது மேல இருக்கறவங்க, செலவு கீழ இருக்கற சின்ன ஊருக்கு. எங்களுது போர் தண்ணி, இருந்தாலும் வருஷம் ஒரு தடவ லேப்ல குடுத்து பாத்துடறேன், நீங்களும் வாங்கறதுக்கு முன்னாடி பாருங்க. எங்க வீடு ஷியரன் ஹாரிஸ் அணு மின் நிலையத்துலேர்ந்து பத்து மைலுக்குள்ள வருது, எல்லைக்கு அந்தப் பக்கம் வேக் கவுண்டியில இருக்கு, அப்பப்ப சைரன் டெஸ்ட் பண்ணுவாங்க, அணு விபத்து ஏதும் நடந்தா தைராய்டக் காப்பாத்தப் போட்டுக்கற அயோடைடு மாத்திரை இலவசமா குடுப்பாங்க, எங்க வீட்டுல மருந்து டப்பாவுல பாராசிட்டமால் பக்கத்துல இருக்கு. கரண்ட் எல்லாருக்கும் போகுது, மாத்திரை இந்தப் பத்து மைலுக்குத்தான்.

அப்புறம் வீடுங்க. பிட்ஸ்பரோவ ஒட்டி சாத்தம் பார்க்னு ஏறக்குறைய 7,000 ஏக்கர்ல ஒரு புது ஊரே கட்டறாங்க, முழுசா முடிஞ்சா 22,000 வீடு, நாலாயிரத்து ஐநூறு பேரு இருந்த ஊருக்குப் பக்கத்துல. 2022 மார்ச்ல மாங்கியூர் பக்கம் வின்ஃபாஸ்ட் கார் ஃபேக்டரி வருதுனு அறிவிச்சாங்க, மறுநாளே எங்க தபால் பெட்டியில "உங்க நிலத்த ரொக்கத்துக்கு வாங்கறோம்"னு கார்டு விழ ஆரம்பிச்சுது. 2024ல ஃபேக்டரி உற்பத்திய 2028க்கு தள்ளிட்டாங்க, கார்டு மட்டும் இன்னும் நிக்கல. அந்த ஃபேக்டரிக்குப் போற ரோட்டுக்காக பக்கத்து மெர்ரி ஓக்ஸ்ங்கற சின்ன ஊர்ல வீடுங்களும் ஒரு பழைய சர்ச்சும் போகும்னு ப்ளான் வந்தப்ப அந்த சனம் பட்ட பாட்ட நான் பாத்தேன்.

நாங்களும் சிட்டியிலேர்ந்து வந்தவங்கதான், அத நான் மறக்கல. எங்கள மாதிரி ஆளுங்க வந்து விலை ஏத்தினதுலதான் இங்க பொறந்து வளந்த பசங்களால இங்க வீடு வாங்க முடியல. அதனால வர்றதுனா இருக்கறதுக்கு வாங்க, மூணு வருஷத்துல வித்து லாபம் பாக்கறதுக்கு வராதீங்க.

நேர்ல கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இதான். வெயில் நாள்ல ஏஜெண்ட் கூட மத்தியானம் வந்து பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, ஒரு மழை நாள் ராத்திரி தனியா வந்து காரை நிறுத்தி லைட்ட அணைச்சுட்டு பத்து நிமிஷம் உக்காருங்க, அந்த இருட்டு உங்களுக்கு ஆகுமானு பாருங்க. இன்டர்நெட் என்ன வேகம்னு விக்கறவங்கள கேக்காம பக்கத்து வீட்டுல கேளுங்க. ஃபயர் ஸ்டேஷன் அஞ்சு மைலுக்குள்ள இருக்கானு இன்ஷூரன்ஸுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. கோடையில உண்ணி கடிக்கும், காப்பர்ஹெட்னு ஒரு விஷப் பாம்பு சருகுல சருகு மாதிரியே கெடக்கும், பசங்களுக்கு ஷூ போடாம எறங்கக் கூடாதுனு பழக்கிடுங்க (அம்மாவ என்னால பழக்க முடியல). முக்கியமா, கவுண்டி மேப்ல உங்க நிலத்த மட்டும் பாக்காம சுத்தி இருக்கற நிலமெல்லாம் யாரு பேருல இருக்குனு பாருங்க, அது எல்லாருக்கும் தெறந்துதான் இருக்கு.

ஏன் சொல்றேன்னா எங்க தெக்குப் பக்கம் நாப்பது ஏக்கர் பைன் காடு, வாங்கறப்ப ஒரு வயசான அம்மா பேருல இருந்துச்சு. போன வருஷம் அவங்க தவறிட்டாங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி பையன் ஓடி வந்து "அம்மா, மரத்துல எல்லாம் ரிப்பன் கட்டியிருக்காங்க"னான். போய் பாத்தா பிங்க் கலர் சர்வே ரிப்பன், எங்க வேலி ஓரமா வரிசையா. வீட்டு மனைக்கு மாத்தச் சொல்லி மனு போட்டிருக்காங்க, அடுத்த மாசம் கவுண்டி போர்டுல விசாரணை. ஆளுக்கு மூணு நிமிஷம் பேச விடுவாங்க. பெரியவரு பேரு குடுத்துட்டாரு, நானும் குடுத்திருக்கேன், என்ன பேசணும்னு தெனம் ராத்திரி எழுதி எழுதி அடிச்சுக்கிட்டிருக்கேன்.