ஸ்டூடியோவுக்குப் பூட்டு போட்டிருக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வந்து குவிந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க டி.வி., ரேடியோ படிப்புதான், வேறு கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம் என்று சிலர் எழுதியிருந்தார்கள், ஆகவே எல்லாருக்கும் ஊர் மட்டும்.

விஸ்காம், எலெக்ட்ரானிக் மீடியா, ஜர்னலிசம் என்று ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பெயர் சொல்கிறது. சேனலில் வேலை பார்க்க எதில் சேர வேண்டும்?
– மாணவி, கரூர்

பெயரை வைத்து ஓரளவுதான் சொல்ல முடியும். விஸ்காமில் ஓவியம், போட்டோ, விளம்பரம், சினிமா, டி.வி. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். ஜர்னலிசத்தில் செய்தி எழுதுவதற்கு அழுத்தம் அதிகம், எலெக்ட்ரானிக் மீடியாவில் கேமரா, ஒலி, எடிட்டிங் கூடுதல். இதுவும் பொதுவான கணக்குதான், ஒரே பெயரில் இரண்டு கல்லூரிகள் இரண்டு விதமாக நடத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

அட்மிஷன் விசாரிக்கப் போகிற அன்று ஸ்டூடியோவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டுவார்கள், பளபளவென்று இருக்கும், பச்சைத் திரை எல்லாம் தொங்கும். அப்புறம் வெளியே வந்து கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: போன செமஸ்டரில் நீ தனியாக எத்தனை நிகழ்ச்சி செய்தாய், ஒரு கேமராவுக்கு எத்தனை பேர், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அந்த அறை திறந்திருக்குமா. மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சிரித்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

கல்லூரிக்கென்று சமுதாய வானொலி, அதாவது சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் கேட்கிற சின்ன எப்.எம்., இருந்தால் கூடுதல் மார்க் போடுங்கள். இந்தியாவிலேயே முதல் வளாக சமுதாய வானொலி சென்னையில்தான் வந்தது, 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்.எம்., 90.4. தினமும் ஒலிபரப்பு என்றால் தினமும் யாராவது எதையாவது செய்து கொடுத்தே ஆக வேண்டும், லீவு கிடையாது, ‘சார், நாளைக்கு முடிச்சிடறேன்’ கிடையாது. இந்த நெருக்கடி தருகிற படிப்பை எந்தப் பாடப்புத்தகமும் தராது.

தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கும் அரசு திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங் என்று தனித்தனிப் பிரிவு. இடங்கள் குறைவு, அதனால் முதல் நாளே விண்ணப்பம் வாங்கிவிடுங்கள்.

இன்ஜினியரிங் சீட் கிடைத்தும் வேண்டாம் என்கிறான் பையன். இந்தப் படிப்பு சோறு போடுமா?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

ஐயா, போடும். ஆனால் முதல் இரண்டு மூன்று வருஷம் அரை வயிற்றுக்குத்தான் போடும். ஆரம்பச் சம்பளம் குறைவு, இரவு ஷிப்ட் உண்டு, தீபாவளி அன்றைக்கும் புல்லட்டின் போயாக வேண்டும் என்பதால் யாராவது ஆபீசில் இருப்பார்கள், அந்த யாராவது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்தான்.

நீங்கள் மனசில் வைத்திருக்கும் டி.வி. வேலை வேறு என்று நினைக்கிறேன். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை தூர்தர்ஷன் தொடங்கியது, 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. வந்தது. நடுவில் உள்ள அந்தப் பதினெட்டு வருஷமும் தமிழ்நாட்டில் டி.வி. உத்தியோகம் என்றால் கிட்டத்தட்ட சர்க்கார் உத்தியோகம். இப்போது அப்படி இல்லை, ஒரு சேனலில் மூன்று வருஷம், இன்னொன்றில் இரண்டு வருஷம் என்று தாவிக்கொண்டே இருப்பார்கள், அதைப் பார்த்து ‘பையன் நிலையில்லாமல் திரிகிறான்’ என்று கவலைப்படாதீர்கள்.

திரையில் தெரிவது ஒரு முகம். அதற்குப் பின்னால் செய்தியைத் திரட்டும் இன்புட் டெஸ்க், அதை ஒளிபரப்புக்குத் தயாராக்கும் அவுட்புட் டெஸ்க், எடிட்டர், கிராபிக்ஸ், திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோல் அடிப்பவர், பி.சி.ஆர். என்கிற கட்டுப்பாட்டு அறையில் கேமராவை மாற்றி மாற்றிக் கட் செய்கிறவர், வாசிக்க வேண்டிய வரிகளைக் காட்டும் டெலிப்ராம்ப்டர் ஓட்டுகிறவர், வெளியிடத்திலிருந்து நேரலை அனுப்பும் ஓ.பி. வேன் ஆட்கள் என்று ஒரு கூட்டமே இருக்கும். வேலை அங்கேதான் இருக்கிறது. பையனுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்னொரு வழியும் உண்டு, எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒளிபரப்பின் தொழில்நுட்பப் பக்கம் போவது. சிக்னலைக் குறையில்லாமல் வெளியே அனுப்ப ஒவ்வொரு நிலையத்துக்கும் இன்ஜினியர் வேண்டும். இதை அவனிடம் சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். வேண்டாவெறுப்பாக இன்ஜினியரிங் முடித்துவிட்டு நாலு வருஷம் கழித்து இதே டெஸ்க்குக்கு வந்து சேர்ந்தவர்கள் என்னோடு நிறையப் பேர் வேலை பார்த்தார்கள்.

யாரும் ரேடியோ கேட்பதில்லை. எங்களுக்கு ஏன் ஒரு செமஸ்டர் முழுக்க ரேடியோ பாடம்? வீடியோ சொல்லிக் கொடுத்தால் போதாதா?
– இரண்டாமாண்டு மாணவர், மதுரை

தம்பி, போன வாரம் நீங்கள் எடுத்த வீடியோவை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மின்விசிறிச் சத்தம், பக்கத்து வகுப்பு, மைக்கில் மோதும் காற்று, இத்தனைக்கும் அடியில் எங்கோ ஒரு மனிதர் பேசிக்கொண்டிருப்பார். படம் கொஞ்சம் ஆடினால் பார்க்கிறவன் பொறுத்துக்கொள்வான், பேச்சு புரியாவிட்டால் அடுத்த விநாடி தள்ளிவிட்டுப் போய்விடுவான். காதைப் பழக்குவதற்குத்தான் ரேடியோ பாடம்.

பேட்டி முடிந்ததும் எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லி அந்த அறையின் சத்தத்தை மட்டும் அரை நிமிஷம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் நடுவில் ஒரு வாக்கியத்தை வெட்டினால் அங்கே ஒரு குழி விழும், அதை நிரப்ப இது வேண்டும். இதைச் செய்யாமல் வந்து எடிட்டரிடம் திட்டு வாங்காத ரிப்போர்ட்டரை நான் பார்த்ததில்லை.

‘யாரும் கேட்பதில்லை’ என்று பாம்பனில் போய்ச் சொல்லிப் பாருங்கள். அங்கே மீனவர்களுக்கென்றே 2016இல் தொடங்கிய கடல் ஓசை எப்.எம். இருக்கிறது. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் சக்தி பொதுவாக 100 வாட், சுற்றி ஒரு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகும், அவ்வளவுதான். ஆனால் கடலுக்குப் போகலாமா என்று யோசிக்கிற ஆளுக்குக் காற்று எப்படி என்று அவர் பேச்சிலேயே சொல்கிற குரல் எவ்வளவு பெரிய விஷயம்!

இன்னொன்றும் இந்தப் பாடத்தில்தான் தெரிய வரும். தனியார் எப்.எம்.மில் நாள் பூராவும் பாட்டும் அரட்டையும் ஓடுகிறதே, செய்தி ஏன் இல்லை? அவர்களுக்குச் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை, ஆகாஷ்வாணி செய்தியை அப்படியே வாங்கிப் போடலாம், அவ்வளவுதான். டி.வி.க்கு இந்தத் தடை இல்லை. ஏன் இப்படி ஒரு பாகுபாடு என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள், ஒரு பீரியட் சுவாரசியமாகப் போகும்.

செய்தி வாசிப்பாளர் ஆக ஆசை. நான் கறுப்பு, இந்த நிறத்துக்கு எடுக்க மாட்டார்கள் என்று வீட்டிலேயே சொல்கிறார்கள்.
– மாணவி, விழுப்புரம்

பொய் சொல்ல விரும்பவில்லை அம்மா, நிறம் பார்த்து எடுக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. அது அசிங்கம், அந்த அசிங்கம் அவர்களுடையது. கறுப்பு முகத்துக்கு ஒளியமைக்கத் தெரியாமல் பவுடரை அப்பச் சொல்கிற கேமராமேன் தன் தொழிலை ஒழுங்காகப் படிக்கவில்லை, அவ்வளவே.

டில்லியிலிருந்து ‘ஆகாஷவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி’ என்று ஆரம்பித்தால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேச்சு நிற்கும். அவர் 2022இல் காலமானார். அந்தக் குரலோடு வளர்ந்த என் அம்மாவுக்கு அவர் எப்படி இருப்பார் என்றே தெரியாது.

பயிற்சி இதுதான். தினமும் பேப்பரை மூன்று நிமிஷம் சத்தமாக வாசித்து போனில் பதிவு செய்யுங்கள், உடனே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள், அப்போதுதான் தப்பு தெரியும். வாழை, வாளை, வாலை மூன்றும் மூன்றாகக் கேட்க வேண்டும். மரமும் மறமும் ஒன்றாகக் கேட்கக் கூடாது. அது பழகியதும் ஒரு காதில் ரேடியோவை ஓடவிட்டு வாசியுங்கள். நேரலையில் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பி.சி.ஆரிலிருந்து காதுக்குள் ஒருவர் ‘அடுத்து போனோ, ரிப்போர்ட்டர் லைனில் இருக்கார்’ என்று பேசிக்கொண்டே இருப்பார், அதைக் கேட்டும் முகத்தில் காட்டாமல் வாக்கியத்தை முடிக்க வேண்டும். முதல் வாரம் தலைவலி வரும்.

படிப்பு தொடங்கும் முன் கேமரா வாங்கலாமா?
– மாணவர், ஓசூர்

வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். சட்டையில் குத்துகிற ஒரு சின்ன மைக், காதை முழுக்க மூடுகிற ஒரு ஹெட்போன் வாங்குங்கள். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ், ஒலிக்கு ஆடாசிட்டி இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. மிச்சப் பணத்தை அப்பாவிடமே இருக்கவிடுங்கள்.

இன்டர்ன்ஷிப்பில் ஒரு மாதமாக பைட் (கேமரா முன் ஒருவர் பேசிய பதிவு) டைப் பண்ணத்தான் விடுகிறார்கள். கேமராவைத் தொடக்கூட முடியவில்லை. விட்டுவிடலாமா?
– மாணவி, கோவை

விடாதீர்கள். நாற்பது நிமிஷ மேடைப்பேச்சை முழுசாகக் கேட்டு, அதில் செய்திக்கு ஆகிற பன்னிரண்டு விநாடி எங்கே என்று கண்டுபிடிக்கிறீர்களே, அதுதான் டெஸ்க் வேலையில் பாதி. டைப் செய்து கொடுக்கும்போது பக்கத்திலேயே ‘இந்த இடம் நல்லா இருக்கு’ என்று நேரத்தையும் குறித்துக் கொடுங்கள். பத்து நாளில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், சேனல் பெயர் வேண்டாம். டைப் அடித்து அடித்து சலித்துப்போய், கிராபிக்ஸில் உட்கார வை என்று நச்சரித்து ஒருநாள் வாய்ப்பும் வாங்கிவிட்டேன். அன்றைக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் காலமாகியிருந்தார், அவருடைய நண்பர் இரங்கல் சொல்கிற பைட். அவசரத்தில் இறந்தவர் பெயரை நண்பர் முகத்துக்குக் கீழே ஏற்றிவிட்டேன். பி.சி.ஆரில் ஒருவர் கத்துகிறார், எனக்குக் கை ஓடவில்லை, பதினோரு விநாடி அப்படியே போனது. மறுநாள் காலை ஆபீசுக்கு போன் வந்தது, என்னைத்தான் கேட்டார்கள். பயந்துகொண்டே எடுத்தால் அந்த நண்பர். “தம்பி, நான் இன்னும் இருக்கேன். ராத்திரியிலிருந்து வீட்டுக்கு வர்றவங்களுக்கு டீ போட்டு மாளலை” என்றார்.