தரையிறங்கப் போன விமானம் திடீரென மறுபடி மேலே ஏறினால் ஆபத்தா?

இல்லை. விமானியாக வேலை பார்க்கும் நான் அதைப் பாதுகாப்பான முடிவு என்றே சொல்வேன். பெயர் கோ-அரவுண்ட். பொதுவாக 1,000 அடிக்கு இறங்கும்போதே வேகம், பாதை, இறங்கும் வீதம், சக்கரம், ஃபிளாப் (இறக்கையின் பின்பக்கம் நீளும் தகடு) எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே ஏறிவிட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடர்ந்து இறங்கியதால்தான் ஓடுபாதையைத் தாண்டி ஓடிய விபத்துகள் பல நடந்திருக்கின்றன. முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகாவிட்டாலும் இதே முடிவுதான்.

பயணிகளைப் பயமுறுத்துவது என்ஜின் சத்தம். குறைந்திருந்த விசை சட்டென்று கூடுகிறது, மூக்கு உயர்கிறது, சக்கரங்கள் உள்ளே போகின்றன. அந்த நிமிடங்களில் எங்களுக்கு வேலை அதிகம், அதனால் அறிவிப்பு தாமதமாகத்தான் வரும். எரிபொருள்? பொதுவாக மாற்று விமான நிலையத்துக்குப் போய், அதற்கு மேலும் 30 நிமிடம் பறக்கும் அளவுக்கு ஜெட் விமானத்தில் இருப்பு வைத்தே கிளம்புகிறோம்.