சர் பட்டத்தை இழந்த வங்கித் தலைவர்

கேள்வி: பிரிட்டனில் ஒரு வங்கித் தலைவரிடமிருந்து 'சர்' பட்டத்தையே திரும்பப் பறித்துவிட்டார்களாமே, யார் அவர்? மோசடி செய்தாரா?

பதில்: ஃப்ரெட் குட்வின். இல்லை, அவரைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் ஒரு எலக்ட்ரீஷியனின் மகன், குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். கிளாஸ்கோவில் சட்டம் படித்தார், அப்புறம் கணக்குத் தணிக்கைக்குப் போனார். 1991-ல் பி.சி.சி.ஐ. வங்கி சரிந்தபோது அதன் கணக்குகளை முடித்து வைக்கும் வேலையை முன்னின்று நடத்தியவர் இவர்தான். ஒரு வங்கி எப்படிச் சாகும் என்று தாள் தாளாகப் புரட்டிப் பார்த்தவர், இதை மறக்காதீர்கள்.

1998-ல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்கு வந்தார். 2000-ல் அந்த வங்கி தன்னைவிடப் பெரிய நாட்வெஸ்ட் வங்கியை வாங்கியது. இரண்டையும் இணைத்து, 18,000 வேலைகளை வெட்டி லாபம் காட்டியதில் பேர் வாங்கி, 2004-ல் சர் ஆனார். நிஜமாகவே திறமைசாலிதான்.

வினை 2007-ல் வந்தது. டச்சு வங்கியான ஏ.பி.என். ஆம்ரோவை இன்னும் இரண்டு வங்கிகளோடு கூட்டுச் சேர்ந்து சுமார் 7,100 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். அவர் குறிவைத்த அமெரிக்கக் கிளை லாசால் அதற்குள் வேறு வங்கிக்குக் கைமாறிவிட்டது, சந்தையும் ஆட்டம் காண ஆரம்பித்திருந்தது, அப்போதும் விடவில்லை. வாங்குவதற்கு முன் இவர்கள் கைக்கு வந்த தகவல் இரண்டு ஃபைல், ஒரு சி.டி., அவ்வளவுதான் என்று பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு ஆணையத்தின் அறிக்கை சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. போட்டி போட்டு வாங்கும்போது உள்ளே புகுந்து பார்க்க முடியாது என்பார்கள். சரி, பார்க்க முடியாததை ஏன் வாங்க வேண்டும்?

2008 அக்டோபர் 7-ம் தேதி ராயல் பேங்கின் சேர்மன் (தலைமை நிர்வாகியான குட்வின் இல்லை, வேறொருவர்) பிரிட்டன் நிதியமைச்சர் டார்லிங்குக்கு போன் போட்டு, இன்னும் சில மணி நேரத்தில் பணம் தீர்ந்துவிடும் என்றார். அரசு மொத்தம் 4,550 கோடி பவுண்ட் மக்கள் பணத்தைக் கொட்டி வங்கியின் பங்குகளை வாங்கியது. குட்வினோ 50 வயதிலேயே ஆண்டுக்குச் சுமார் 7 லட்சம் பவுண்ட் பென்ஷனோடு வெளியேறினார். நாடே கொதித்த பிறகுதான் அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார். வங்கியை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததற்காக 2012-ல் பட்டம் போனது.

அரசு கடைசிப் பங்கை விற்று வெளியே வந்தது 2025 மே மாதம்தான். போட்டதில் சுமார் 1,050 கோடி பவுண்ட் திரும்பவே இல்லை.